ஜன்னல் கட்டிலுக்குப் போட்ட ஊசி

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலுக்கு இருந்த கிராக்கி, நல்ல வேலையில் இருக்கும் மாப்பிள்ளைக்குக்கூட இருந்திருக்காது. மற்றக் கட்டில்களுக்கு மேலே தொங்கிய மின்விசிறிகள் சுற்றத்தான் செய்தன. காற்றை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் தங்களோடே வைத்துக்கொண்டன. ஜன்னலோரம் படுத்தவளுக்குத்தான் முகத்தில் கொஞ்சம் காற்று அடிக்கும். கீழே வாசலில் யார் வருகிறார்கள், யார் பையில் என்ன கொண்டுவருகிறார்கள் என்பதும் தெரியும். இந்த இரண்டாவது வசதிக்காகத்தான் டெய்லரம்மா அதன் மேல் கண் வைத்தாள் என்று வார்டில் பேச்சு.

டெய்லரம்மாவுக்குப் பித்தப்பையை எடுத்திருந்தார்கள். அவளுக்குக் கொடுத்தது கதவோரக் கட்டில். ஜன்னல் கட்டில் ரிட்டயர்டு டீச்சரம்மாவுடையது. சர்க்கரை, காலில் ஆறாத புண், எதிரில் யார் வாயைத் திறந்தாலும் திருத்துகிற பழக்கம் எல்லாவற்றோடும் வந்து சேர்ந்தவர். இருவரும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டிலிருந்து பொழுது சாயும்வரை ஜன்னல் கட்டில் டெய்லரம்மாவுக்கு. பதிலுக்கு, வீடு திரும்பியதும் டீச்சரம்மாவின் துணியை மற்ற எல்லோருக்கும் முன்னால் தைத்துத் தரவேண்டும். அந்த வாக்குறுதியின் லட்சணம் தெருவுக்கே தெரியும். கல்யாணத்துக்குப் போட டெய்லரம்மாவிடம் துணி கொடுத்தவர்கள், அதைப் பிள்ளை பிறந்த பிறகுதான் போட்டிருக்கிறார்கள். டீச்சரம்மா வேறு தெரு. பாவம், நம்பிவிட்டார்.

இந்தக் கட்டில் மாற்றம் நர்சுகளுக்குத் தெரியாதா என்றால், தெரியும். நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும், கையில் கட்டிய பட்டையைப் பார்த்துவிட்டுத்தான் மருந்தைத் தொடவேண்டும் என்று விதி இருப்பதும் தெரியும். ஆனால் ஒரு வார்டு நிறைய நோயாளிகளுக்கு ஒரே ஒரு நர்ஸ் என்று ஆனபிறகு, பெயராவது பட்டையாவது. ‘ஜன்னல்’, ‘கதவு’, ‘நடு வரிசை’, ‘பாத்ரூம் பக்கம்’ என்று கட்டில்களுக்குத்தான் பெயர் இருந்தது.

அன்றைக்கு அந்த ஒரே ஒரு நர்ஸ், நெட்டை சிஸ்டர். கதவு நிலையில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்து குனிந்தே கொஞ்சம் கூன் விழுந்தவள். காலையில் வந்தவள் மதியம் வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். மாற்ற வேண்டியவள் வரவில்லை. அவள் குழந்தைக்குக் காய்ச்சல்.

“இன்னைக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ,” என்றார் பெரிய சிஸ்டர். நர்சுகளுக்கெல்லாம் தலைவி.

“போன தடவையும் இன்னைக்கு ஒரு நாள்னுதான் சொன்னீங்க.”

“அன்னைக்கு அது இன்னைக்குத்தானே? உன் பெர்மனென்ட் விஷயம் இந்த வாரம் பேசப்போறாங்க. இந்த நேரத்துல முகத்தைத் தூக்கி வெச்சுக்காதே.”

நெட்டை சிஸ்டரின் வீட்டில், லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் தோள்பட்டை உடைந்து வீட்டில் இருக்கிறான். சம்பளம் என்று வீட்டுக்குள் வருவது அவளுடையது மட்டும்தான். நிரந்தரம் இல்லாத வேலையில் இருப்பவளைப் போகச் சொல்ல யாருக்கும் காரணம்கூடத் தேவையில்லை. அவள், தன் மகளைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனாருக்கு போன் போட்டாள்.

“இன்னைக்குமா அண்ணி? நீங்க அங்கயே ஒரு கட்டிலைப் போட்டுப் படுத்துடுங்களேன். விசிட்டிங் டைம்ல நாங்க வந்து பாத்துட்டுப் போறோம்,” என்றாள் நாத்தனார்.

அந்த மருத்துவமனை ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்டியது என்று பெயர். இப்போது அதை நடத்துவது ஒரு கமிட்டி, கமிட்டிக்குக் கண்ணும் காதுமாக ஒரு மேனேஜர். எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் அவருக்கு சிரிப்பு சார் என்று பெயர். சம்பளம் தள்ளிப்போகும் என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்வார், ஆள் செத்துவிட்டார் என்பதையும் கிட்டத்தட்ட சிரித்துக்கொண்டே சொல்வார். மறுநாள் கமிட்டி வரப்போகிறது என்று கீழே லிஃப்ட் பக்கத்தில் பெரிய பலகை ஒன்றை மாட்டியிருந்தார். ‘உங்கள் உரிமை, எங்கள் கடமை’ என்று தலைப்பு. கீழே, உங்கள் சிகிச்சை என்னவென்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு என்று நீலத்தில் ஒரே உரிமை மயம்.

அன்று காலையில் டெய்லரம்மா அந்த உரிமையைக் கொஞ்சம் பயன்படுத்தத்தான் பார்த்தாள். “சிஸ்டர், இது எதுக்கான ஊசி?” என்று கேட்டாள்.

நெட்டை சிஸ்டருக்கு அப்போது மூன்று பேர் ஒரே நேரத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தார்கள். “நீங்க தைக்கறப்போ நான் பக்கத்துல வந்து, இது எந்த ஊசின்னு கேக்கறேனா? கையை நீட்டுங்க,” என்றாள். வார்டே சிரித்தது. ஊரையே வாயால் தைத்துப் போடுகிற டெய்லரம்மா, முதல் தடவையாகப் பதில் கிடைக்காமல் கையை நீட்டினாள்.

சாயங்காலம் அதே கையைத்தான் நீட்டினாள். வலி மாத்திரை தின்று ஜன்னல் கட்டிலில் போர்வையைத் தலைவரை இழுத்துப் படுத்திருந்தாள். மதியம் சாப்பாட்டைத் தொடவில்லை. “ஜன்னல், ஊசி,” என்று குரல் கேட்டதும் போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. கேள்வி வரவில்லை. நெட்டை சிஸ்டர் மேல்கையைத் துடைத்தாள், குத்தினாள், நடு வரிசைக்குப் போனாள். நடக்கும்போதே தூங்கமுடியும் என்பது இரட்டை டூட்டி பார்த்தவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

நடு வரிசை முடிவதற்குள், கதவைத் தள்ளிக்கொண்டு டீச்சரம்மா உள்ளே வந்தார். போனில் மகளோடு பேச மாடிப்படிக்குப் போயிருந்தார். அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

“என்னம்மா, சாப்பாட்டு வண்டி வந்துடுச்சு. எனக்கு இன்னும் இன்சுலின் போடலையே?”

நெட்டை சிஸ்டர் டீச்சரம்மாவைப் பார்த்தாள். ஜன்னல் கட்டிலைப் பார்த்தாள். போர்வைக்குள் குறட்டை கேட்டது. டீச்சரம்மாவின் குறட்டை இல்லை அது.

மருந்துத் தட்டை அப்படியே கீழே வைத்தாள்.

சர்க்கரை நோய் இல்லாத உடம்பு. மதியம் ஒன்றும் சாப்பிடாத வயிறு. அதற்குள் டீச்சரம்மாவுக்கான முழு அளவு இன்சுலின் போயாகிவிட்டது. ஊசி தன் வேலையைத் தொடங்க அதிக நேரம் ஆகாது. ரத்தத்தில் சர்க்கரை விழும். விழுகிற வேகத்தில் விட்டால், தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆள் போய்விடுவாள்.

இந்த வார்டில் இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. டீச்சரம்மாவுக்கு இன்னொரு ஊசி எடுத்துப் போட்டுவிட்டு, டெய்லரம்மாவை எழுப்பி இரண்டு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்து, ‘தெம்புக்குக் குடிங்கக்கா’ என்று சொல்லலாம். அப்படியே கடந்தும் போகலாம். இந்த யோசனை அவளுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது, உட்காரப் பார்த்தது. அவள் அதை உட்காரவிடாமல் போனை எடுத்து டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டாள்.

“டாக்டர், தப்பான ஆளுக்கு இன்சுலின் போட்டுட்டேன். உடனே வாங்க.”

சின்ன டாக்டர் ஓடிவந்தாள். படிப்பு முடித்து அதிக நாள் ஆகாத பெண், ஸ்டெதஸ்கோப்பின் கனத்துக்கே சாய்ந்து நடப்பவள். அவளும் வீட்டுக்குப் போகவில்லை, முந்தின நாள் காலையில் டூட்டிக்கு வந்தவள். டெய்லரம்மாவின் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தார்கள். எண்பது. “இன்னும் இறங்கும்,” என்றாள் டாக்டர். டீச்சரம்மாவின் சர்க்கரையையும் பார்த்து, அவருக்கு உரியதை, இந்தத் தடவை பட்டையைப் படித்துவிட்டுப் போடவைத்தாள்.

டெய்லரம்மாவை எழுப்பி க்ளூக்கோஸ் தண்ணீர் கொடுத்தார்கள்.

“என்ன திடீர்னு கவனிப்பு பலமா இருக்கு?” என்றாள் டெய்லரம்மா. “நாளைக்கு யாரோ வர்றாங்களாமே, அதுக்கு ஒத்திகையா?”

“குடிங்கக்கா. கொஞ்சம் வேகமா.”

ஒரு டம்ளர் போனது. இரண்டாவது டம்ளர் பாதியில் நின்றது. குடித்ததெல்லாம் அப்படியே வெளியே வந்துவிட்டது. நெட்டை சிஸ்டர் டாக்டரைப் பார்த்தாள். வாய் வழி அடைபட்டுவிட்டது. நரம்பு வழிதான். நாளைக்கு வீட்டுக்குப் போகிறவள்தானே என்று கையிலிருந்த ஊசிக்குழாயைக் காலையில் கழற்றிப் போட்டிருந்தார்கள். டிரிப் சாமான்களை எடுக்க அவள் ஸ்டோர் ரூமுக்கு ஓடினாள்.

ஸ்டோர் ரூம் வாசலில் பெரிய சிஸ்டரும் சிரிப்பு சாரும் நின்றார்கள். இந்த மருத்துவமனையில் மருந்து வந்துசேர நேரம் ஆகும், சேதிக்கு ஆகாது.

“பதறாதேம்மா,” என்றார் சிரிப்பு சார். “டாக்டர் பாத்துக்கிட்டிருக்காங்க. ஒண்ணும் ஆகாது. ஆகாத விஷயத்தை அந்தம்மாகிட்ட சொல்லி எதுக்குக் கலவரப்படுத்தணும்? ரொட்டீன் டெஸ்ட்னு சொல்லிடலாம்.”

“அவங்க கேட்டா சார்?”

“கேட்டா, ரொட்டீன்.” சிரித்தார். “நாளைக்குக் கமிட்டி வருது. உன் ஃபைலும் மேல போகுது. நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

பெரிய சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். “சொன்னா முதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா? யார் டூட்டின்னு கேப்பாங்க. எத்தனாவது டூட்டின்னு கேப்பாங்க. அப்புறம் நீயும் இல்லை, நானும் இல்லை.”

“வழி விடுங்க, பெரிய சிஸ்டர்.”

அதற்குள் வார்டிலிருந்து டீச்சரம்மாவின் குரல் வந்தது. வகுப்பறைகளை அடக்கிய குரல். “சிஸ்டர்! இங்க வாங்க! இவ பேச்சு சரியில்லை!”

டெய்லரம்மாவின் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. போர்வை நனைந்துவிட்டது. கைகள் உதறின. “கண்ணு இருட்டுது,” என்றாள். பிறகு சம்பந்தமில்லாமல், “கத்திரியை யார் எடுத்தது? இங்கதானே வெச்சேன்,” என்றாள். டாக்டர் விரலில் குத்தினாள். நாற்பத்தைந்து.

நெட்டை சிஸ்டர் ரப்பரை முழங்கைக்கு மேல் கட்டினாள். நரம்பு தெரியவில்லை. தட்டினாள். வேர்வையில் தோல் வழுக்கியது. குத்தினாள், ஊசி உள்ளே போனதும் நரம்பு உடைந்து நீலமாக வீங்கியது.

“இன்னொரு கை,” என்றாள் டாக்டர். அவள் குரல் உடைந்திருந்தது.

இன்னொரு கையில் மணிக்கட்டுப் பக்கம் மெல்லியதாக ஒரு கோடு. நெட்டை சிஸ்டர் தரையில் மண்டிபோட்டாள். போன் சட்டைப்பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது, நாத்தனார். டெய்லரம்மாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வார்டில் ஒருவரும் மூச்சுவிடவில்லை, பாத்ரூம் பக்கக் கட்டிலில் ஓயாமல் இருமிக்கொண்டிருந்த இருமல்காரம்மாகூட இருமலை அடக்கிக்கொண்டாள். ஊசி உள்ளே போனது. குழாயில் சிவப்பாக ஒரு சொட்டு பின்னால் வந்தது.

“கிடைச்சுடுச்சு.”

டாக்டர் க்ளூக்கோஸை மெல்ல ஏற்றினாள். பாதி போகும்வரை ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பாதியில் நெட்டை சிஸ்டர் எத்தனை சாமியைக் கூப்பிட்டாள் என்பதை அவளே யாரிடமும் சொன்னதில்லை. பிறகு டெய்லரம்மாவின் இமை அசைந்தது. கண்ணைத் திறந்து, கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து, “என்னங்கடி, நான் செத்துட்டேனா?” என்றாள்.

யாரோ அழுதார்கள், யாரோ சிரித்தார்கள். சர்க்கரை மானியில் தொண்ணூற்றைந்து வந்தது. மறுபடி விழக்கூடும், டிரிப் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், அடிக்கடி குத்திப் பார்க்கவேண்டும் என்றாள் டாக்டர்.

டெய்லரம்மா தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். ஒன்றில் வீக்கம், மற்றதில் குழாய், விரல் நுனிகளில் எல்லாம் புள்ளி.

“எனக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லீங்க,” என்று முன்னால் வந்தார் சிரிப்பு சார். “ஆபரேஷனுக்கு அப்புறம் சில பேருக்குப் பலவீனம் வரும். ரொட்டீன்தான். நல்லா ஓய்வெடுங்க.”

“நான் உங்களைக் கேக்கலை. நெட்டை சிஸ்டர், நீங்க சொல்லுங்க. சாயங்காலம் எனக்கு ஊசி போட்டீங்களே, அது என்ன ஊசி?”

சிரிப்பு சார் சிரித்தபடியே நெட்டை சிஸ்டரைப் பார்த்தார். பெரிய சிஸ்டர் தரையைப் பார்த்தார். சின்ன டாக்டர் வாயைத் திறக்கப் போனாள். நெட்டை சிஸ்டருக்கு வீடு தெரிந்தது: தோளில் பட்டை கட்டிய புருஷன், பள்ளிக்கூடப் பை மாட்டிய மகள், வாசலிலேயே நிற்கிற நாத்தனார்.

“இன்சுலின்,” என்றாள். “டீச்சரம்மாவுக்குப் போடவேண்டியது. கட்டிலைப் பாத்துப் போட்டுட்டேன், ஆளைப் பாக்கலை. பட்டையையும் பாக்கலை. அதனாலதான் உங்க சர்க்கரை இறங்கிடுச்சு. என் தப்பு.”

டெய்லரம்மாவின் முகம் முதலில் வெளுத்து, பிறகு சிவந்தது.

“என்னைக் கொல்லப் பாத்திருக்கே.”

“அக்கா…”

“அக்காவாவது தங்கச்சியாவது! காலையில ஒரு கேள்வி கேட்டேன். நக்கலடிச்சு வாயை மூடவெச்சே. கேட்டா அசிங்கப்படுவோம்னுதானே சாயங்காலம் பேசாம கையை நீட்டினேன்? கேட்டிருந்தா நீயே முழிச்சிருப்பே இல்ல?”

“முழிச்சிருப்பேன்,” என்றாள் நெட்டை சிஸ்டர். அது உண்மை.

“இனிமே இவ கை என் மேல படக்கூடாது,” என்றாள் டெய்லரம்மா. “வேற ஆளை வரச்சொல்லுங்க.”

“வரச்சொல்லலாங்க,” சிரிப்பு சார் கைகளைப் பிசைந்தார். “ஆனா இப்போதைக்கு வார்டுல இந்த சிஸ்டர் ஒருத்தர்தான்…”

“ஒருத்தரா? காலையிலயும் இவதானே இருந்தா. வீட்டுக்கே போகலையா நீ?”

நெட்டை சிஸ்டர் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“பாத்தீங்களாடி கூத்தை!” டெய்லரம்மா வார்டைப் பார்த்துச் சொன்னாள். “என் கடையில பொத்தான் தைக்கற பொண்ணுகூடப் பொழுது சாஞ்சா வீட்டுக்குப் போயிடுது. அது தூக்கத்துல தைச்சா பொத்தான்தான் கோணும்.”

“அதெல்லாம் அப்புறம் பேசலாமே, இப்ப நீங்க உணர்ச்சிவசப்படக் கூடாது…”

“அவங்களுக்கு வேண்டாம்னு சொல்ல உரிமை இருக்கு,” என்றார் டீச்சரம்மா, கதவோரக் கட்டிலிலிருந்து. “கீழே நீங்கதானே எழுதி வெச்சிருக்கீங்க. முழுசாப் படிச்சேன். லிஃப்ட் வர அவ்வளவு நேரம் ஆச்சு.”

இருமல்காரம்மாவுக்கு அடக்கிவைத்த இருமல் சிரிப்பாக வெளியே வந்தது. சிரிப்பு சார் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. பார்க்கக் கொஞ்சம் வேறு ஆளாக இருந்தார். அவர் பெரிய சிஸ்டரைப் பார்க்க, பெரிய சிஸ்டர் கூரையைப் பார்க்க, பார்வை போக வேறு இடமில்லாமல் போனது.

“நானே பாத்துக்கறேன்,” என்றார் பெரிய சிஸ்டர் கடைசியில். மதியம் கிடைக்காத ஆள் இப்போது கிடைத்துவிட்டது. கண்ணாடிக் கதவு போட்ட அறையில் உட்கார்ந்து பல வருஷம் ஆனவர். கையுறையை மாட்டவே ஒரு பாடு பட்டார்.

நெட்டை சிஸ்டர் அவரைக் கட்டில் கட்டிலாக அழைத்துப்போய், ஒவ்வொருவர் பட்டையையும் காட்டி, பெயரைச் சொல்லி, மருந்தைச் சொல்லி ஒப்படைத்தாள். டெய்லரம்மாவின் கட்டிலருகே மட்டும் இரண்டடி தள்ளி நின்று சொன்னாள். டெய்லரம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வார்டு வாசலில் சிரிப்பு சார் காத்திருந்தார்.

“நாளைக்குக் காலையில என் ரூமுக்கு வா. கமிட்டி வர்றதுக்கு முன்னாடி.”

“காலையில முடியாது சார். தூங்கணும். மதியம் வர்றேன். கமிட்டி கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன்.”

“வேலை வேணுமா வேண்டாமா உனக்கு?”

“வேணும் சார்,” என்றாள். அதற்கு மேல் சொன்னால் அழுதுவிடுவோம் என்று தெரிந்து, பையை எடுக்கப் போனாள்.

பையை எடுத்துக்கொண்டு திரும்பி வார்டைத் தாண்டும்போது உள்ளே சத்தம்.

“எவ்வளவு காட்டுது?”

“நார்மல்தான்மா,” பெரிய சிஸ்டரின் குரல்.

“நார்மல்னா எவ்வளவு?”

“அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? நாங்க பாத்துக்கறோம்.”

“பாத்துக்கிட்ட லட்சணத்தைத்தான் பாத்தேனே. ஏய் நெட்டை! வாசல்ல போறது நீதானே? உன் உயரத்துக்கு மறைஞ்சு போக முடியுமா? இங்க வா.”

நெட்டை சிஸ்டர் கதவருகே நின்றாள். பெரிய சிஸ்டர் மானியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

“கிட்ட வராதே. அங்கிருந்தே பாரு. பெரிய சிஸ்டர், அதை அவளுக்குக் காட்டுங்க.”

பெரிய சிஸ்டர் காட்டினார். வேறு வழியில்லை.

“நூத்திப் பதினெட்டு,” என்றாள் நெட்டை சிஸ்டர்.

“அது நல்லதா கெட்டதா?”

“நல்லது. ஆனா இன்னும் கொஞ்ச நேரம் அடிக்கடி பாத்துக்கிட்டே இருக்கணும். இறங்கினா வேர்க்கும், கை நடுங்கும். உடனே கத்துங்க.”

“கத்தறதுக்கு எனக்கு நீ சொல்லித்தரணுமா?” டெய்லரம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்தாள். கண்ணில் இன்னும் கோபம் இருந்தது. “சரி, போ. உன் வீட்டுல தேடப்போறாங்க.”

அவள் படியிறங்கும்போது, உள்ளே நடு வரிசையிலிருந்து ஒரு குரல் பெரிய சிஸ்டரிடம் கேட்டது: “எனக்கு எடுக்கறீங்களே, அது என்ன மாத்திரைங்க?”